குண்டு துளைத்த உடலும் அரசு விருதின் பெயரும்: கத்தர் பாடல்கள் விட்டுச் சென்ற வழக்கு

புதுதில்லி: 2025-ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது, அதில் இடம்பெற்ற பெயர்களைவிட இடம்பெறாத ஒரு பெயரே தெலங்கானாவில் அதிகம் பேசப்பட்டது. மறைந்த நாட்டுப்புறப் பாடகர் கத்தருக்கு பத்ம விபூஷண் வழங்கும்படி அந்த மாநில அரசு பரிந்துரைத்திருந்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. தெலங்கானாவைப் புறக்கணித்துவிட்டதாக முதல்வர் ரேவந்த் ரெட்டி குற்றம்சாட்ட, மத்திய உள்துறை இணை அமைச்சர் பண்டி சஞ்சய் குமார் உடனடியாக மறுமொழி கூறினார். நக்ஸல் இயக்கத்துக்கு ஆள் சேர்த்த பாட்டுக்காரருக்கு எப்படி விருது தர முடியும், அந்த இயக்கத்தினரால் கொல்லப்பட்ட காவலர்களுக்கும் பாஜக தொண்டர்களுக்கும் என்ன பதில் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

பத்ம விருது பொதுவாக மறைவுக்குப் பின் வழங்கப்படுவதில்லை என்றாலும், தகுதி கருதி விதிவிலக்கு அளிக்கப்படுவது உண்டு. எனவே இங்கே எழுந்த கேள்வி விதி பற்றியது அல்ல. ஒருவர் பாடிய பாட்டுக்கும், அந்தப் பாட்டைக் கேட்டுக் காடேறியவர்களின் துப்பாக்கிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே கேள்வி. இந்தக் கேள்வி 1970-களிலிருந்து கத்தரைத் தொடர்ந்தது. 2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஹைதராபாத் மருத்துவமனையில் அவர் கண்மூடிய பின்னரும் அது ஓயவில்லை.

பெயரின் கதை: கும்மடி விட்டல் ராவ் என்பது அவரது இயற்பெயர். மேதக் மாவட்டம் தூப்ரானில், 1940-களின் இறுதியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, முடிக்காமல் வெளியேறினார். அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் 1913-இல் தொடங்கிய கதர் கட்சியின் நினைவாக அவரது முதல் பாடல் தொகுப்புக்குப் பெயர் சூட்டப்பட்டது. தொகுப்பின் பெயரே பின்னர் பாடியவரின் பெயராக ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியிலும் உருதுவிலும் 'கதர்' என்றால் கிளர்ச்சி. எழுத்தை இரட்டித்து நீட்டினால் அதுவே துரோகி என்று பொருள்படும். தெலுங்கு நாவில் எழுத்து இரட்டித்துவிட்டதால், வட இந்தியச் செவிகளுக்கு இந்தக் கலைஞரின் பெயர் இரண்டுக்கும் நடுவில் ஒலித்தது. அவரைப் பற்றித் தலைநகரில் நிலவிய கருத்துகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

அவரது கலை வாழ்வின் தொடக்கத்தை நினைவில் கொள்வது நல்லது. இளைஞராக இருந்தபோது புர்ரகதைக் குழு ஒன்றை அமைத்து, குடும்பக் கட்டுப்பாடு உள்ளிட்ட அரசுத் திட்டங்களை ஊர் ஊராகச் சென்று விளம்பரப்படுத்தியவர் அவர். முதன்மைப் பாடகர் ஒருவரும் துணைப் பாடகர் இருவரும் நின்று, கதையும் பாட்டும் கிண்டலுமாக நடத்தும் கலை புர்ரகதை. தமிழகத்தின் வில்லுப்பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி, சிரிக்கவைத்த மறுகணமே கலங்கவைப்பது எப்படி என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

திரைப்படக் கலைஞர் பி.நரசிங்க ராவ் நடத்தி வந்த கலை ஆர்வலர் சங்கத்தின் தொடர்பு அவரைத் திசைதிருப்பியது. 1972-இல் உருவான 'ஜன நாட்டிய மண்டலி' அதன் விளைவு. வடக்கு ஆந்திரத்தைச் சேர்ந்த வங்கபண்டு பிரசாத ராவும் அதன் தொடக்க காலத் தூண்களில் ஒருவர். அவர் 2020-இல் மறைந்தார். ரிக்ஷா இழுப்பவனை நிறுத்திப் பேசுவதாக அமைந்த கத்தரின் ஆரம்பகாலப் பாட்டு ஹைதராபாத் தெருக்களில் பரவியது அந்த ஆண்டுகளில்தான்.

முன்னோர் வழி: கத்தர் வெற்றிடத்திலிருந்து முளைத்தவர் அல்லர். 1943-இல் கம்யூனிஸ்டுகள் அமைத்த 'பிரஜா நாட்டிய மண்டலி'யும், புர்ரகதையை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்த ஷேக் நாஸரும், நிஜாம் ஆட்சிக்கும் நிலப்பிரபுக்களுக்கும் எதிராக 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பாடிய சுத்தால ஹனுமந்துவும் அவருக்கு முன்பே பாதை போட்டவர்கள். ஸ்ரீகாகுளம் பழங்குடியினர் எழுச்சியின்போது ஜமுக்கு என்ற வாத்தியத்தோடு கதை சொல்லிப் பாடிய சுப்பாராவ் பாணிக்கிரகி 1969 இறுதியில் காவல்துறையால் கொல்லப்பட்டார்.

இந்த மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றதில் ஒரு திரைப்படத்துக்கும் பங்குண்டு. கௌதம் கோஷ் இயக்கி, நரசிங்க ராவ் இணைந்து தயாரித்த 'மா பூமி' 1980-இல் வெளியானது. அதில் கத்தர் திரையில் தோன்றி, ஆயுதப் போராட்ட காலத்தில் பண்டி யாதகிரி இயற்றிய பாடலைப் பாடினார். நிஜாமை நேருக்கு நேர் அழைத்துச் சவால் விடும் அந்தப் பாட்டு, முப்பது ஆண்டுகள் கழித்துப் புதிய பொருளோடு திரும்பி வந்தது. அப்போது கேட்டவர்களுக்கு நிஜாம் என்பது வேறு யாருக்கோ பெயராகிவிட்டிருந்தது.

பாட்டு இயங்கும் முறை: கத்தர் பாடல்களை அச்சில் படிப்பவர்கள் சற்று ஏமாற்றமடையக்கூடும். சொற்கள் எளியவை, ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், உவமைகள் வயலையும் தொழுவத்தையும் தாண்டிப் போவதில்லை. அவை படிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மேலாடையில்லாத உடல், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஆட்டிடையர்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளியான 'கொங்கடி', கையில் கோல், காலில் சலங்கை, பின்னால் தப்பு வாத்தியம். இந்தக் கோலத்தில் அவர் மேடையேறியதும் பாட்டு தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. முதலில் ஒரு நீண்ட கூவல் எழும். பின்னர் ஓர் அடி. அதைக் குழு வாங்கிப் பாடும். பாட்டை நடுவில் நிறுத்தி, முன்வரிசையில் இருப்பவர்களிடம் ஏதோ கேட்பார். சந்தையில் வெங்காயம் என்ன விலை என்பதாகக்கூட அது இருக்கலாம். கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பத்து நிமிடப் பாட்டு அரை மணி நேரம் நீளும்; ஊருக்கு ஊர் அடிகள் மாறும்.

மெட்டுகளை அவர் கண்டுபிடித்ததைவிட எடுத்தாண்டதே அதிகம். நாற்று நடும் பெண்களின் பாட்டு, தாலாட்டு, இடையர்களின் தெய்வமான மல்லன்னாவின் கதை சொல்லும் 'ஒக்கு கதை', பூக்களை அடுக்கிச் சுற்றிவந்து பெண்கள் பாடும் பதுகம்மா, தெருக்கூத்தை ஒத்த வீதி பாகவதம் ஆகியவற்றின் இசையில் அவர் புதிய சொற்களை ஏற்றினார். மெட்டு ஏற்கெனவே கேட்பவரின் உடலில் இருந்தது. ஆகவே இரண்டாவது முறை பாடும்போதே கூட்டம் சேர்ந்து பாடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கட்சியின் துண்டுப் பிரசுரம் செல்லாத இடத்துக்குப் பாட்டு சென்றதன் காரணம் இதுவே.

ஆனால் அவருடைய பாடல்களில் மிகுந்த வலிமை கொண்டவை முழக்கப் பாடல்கள் அல்ல. அமாவாசையன்று பெண்ணாய்ப் பிறந்ததற்காக வேண்டாதவளாகும் குழந்தையைப் பற்றிய பாடலும், மல்லிகைச் செடியடியில் அமர்ந்திருக்கும் தாயை நோக்கிப் பாடும் பாடலும்தான் இன்றும் பலர் நாவில் இருக்கின்றன. காவல்துறை மோதலில் இறந்த மகனின் உடலுக்காகக் காத்திருக்கும் தாய் பாடுவதாக அமைந்தவை தனி வரிசை. அவை உண்மையில் ஒப்பாரிகள். சாவு வீட்டில் பெண்களுக்கு மட்டுமே உரிய ஒரு பாட்டு வகையை எடுத்து, பல்லாயிரம் பேர் கூடிய மைதானத்தில் ஓர் ஆண் பாடினார். இறந்தவனின் அரசியலை ஏற்காதவர்களும் அந்தத் தாயின் அழுகையை மறுக்க இயலவில்லை. அரசுக்கு அவர் மீது ஏற்பட்ட அச்சத்தின் வேரை இங்கே தேடுவது பிழையாகாது.

கணக்கரும் தலைமறைவும்: 1975-இல் அவர் கனரா வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் பேரேடு, இரவில் பாட்டு என்று ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1984-இல் வேலையைத் துறந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, பிரகாசம் மாவட்டம் காரம்சேடு கிராமத்தில் ஆதிக்க சாதியினர் நடத்திய தாக்குதலில் ஆறு தலித்துகள் கொல்லப்பட்டனர். திருப்பி நின்ற தலித்துகளைப் புலிகளாக உருவகித்துக் கத்தர் பாடிய பாட்டு ஆந்திரம் முழுவதும் ஒலித்தது. வர்க்கம் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்த இடதுசாரி மேடையில் சாதியின் பெயர் இவ்வளவு வெளிப்படையாக ஒலித்தது புதிது. அவரது வீட்டில் காவல்துறை சோதனை நடத்தியதைத் தொடர்ந்து தலைமறைவானார்.

தலைமறைவு ஆண்டுகளில் ஒலிநாடாக்களும் சிறு பாட்டுப் புத்தகங்களும் அவருக்குப் பதிலாக ஊர்களுக்குச் சென்றன. 1990-இல் சென்னா ரெட்டி அரசு கெடுபிடிகளைத் தளர்த்தியபோது வெளியே வந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹைதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு இரண்டு லட்சம் பேர் திரண்டதாகக் கூறப்படுகிறது. திரைப்பட நடிகர் எவரும் இல்லாத மேடைக்கு அது வியப்பூட்டும் எண்ணிக்கைதான். ஆனால் சலுகைக் காலம் நீடிக்கவில்லை. 1992-இல் மக்கள் யுத்தக் கட்சி தடை செய்யப்பட்டது.

1995-இல் தாசரி நாராயண ராவ் இயக்கிய 'ஒரே ரிக்ஷா' திரைப்படத்துக்கு அவர் எழுதிய அண்ணன் தங்கைப் பாசப் பாடல் மாநில அரசின் நந்தி விருதுக்குத் தேர்வானது. அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 ஏப்ரல் 6-ஆம் தேதி, செகந்தராபாதை அடுத்த அல்வால் வெங்கடாபுரத்தில் உள்ள அவரது வீட்டுக்கு வந்தவர்கள் அவரைச் சுட்டுவிட்டுத் தப்பினர். காவல்துறையின் ஆதரவு பெற்ற கும்பலே இதைச் செய்தது என்று மனித உரிமை அமைப்பினர் குற்றம்சாட்டினர், அரசு மறுத்தது. குண்டுகளை அகற்றிய மருத்துவர்கள் ஒன்றை மட்டும் முதுகெலும்பருகே விட்டுவிட நேர்ந்தது. எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை. அந்தக் குண்டோடுதான் அவர் அடுத்த 26 ஆண்டுகள் ஆடினார்.

பாடியதற்குக் கொடுத்த விலை: அதே 1997-ஆம் ஆண்டு ஜூலையில், மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட தலித் மக்கள் மீது காவல்துறை சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். சில நாள்களில், மராத்திய மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படம் அவர் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. 1999-இல் தனித் தெலங்கானா கோரிப் பாடிவந்த பெல்லி லலிதா கொடூரமாகக் கொல்லப்பட்டார். பஞ்சாபின் மான்ஸா மாவட்டத்தில், மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நீதிமன்றத்தில் தண்டனை வாங்கித் தந்த தலித் விவசாயத் தொழிலாளியும் பாடகருமான பந்த் சிங் 2006 ஜனவரியில் தாக்கப்பட்டு, இரு கைகளையும் ஒரு காலையும் இழந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே அவர் பாடியதை நாடு கேட்டது. தலைநகரின் விருது அரங்குகளில் 'நாட்டுப்புறக் கலை' என்று இனிமையாக உச்சரிக்கப்படும் சொல்லுக்குப் பின்னால் இத்தகைய கணக்கும் உண்டு.

தூதரும் வாக்காளரும்: 2004-இல் ராஜசேகர ரெட்டி அரசுக்கும் நக்ஸல் அமைப்புகளுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தையில், கவிஞர் வரவர ராவ், எழுத்தாளர் கல்யாண ராவ் ஆகியோருடன் கத்தரும் தூதராகச் செயல்பட்டார். பேச்சு முறிந்தது, 2005-இல் தடை மீண்டும் வந்தது. அதன்பின் அவர் பாடல்களில் மாநிலக் கோரிக்கை மேலோங்கியது. 2010-இல் தெலங்கானா பிரஜா முன்னணியைத் தொடங்கினார். 2011-இல் வெளியான 'ஜெய் போலோ தெலங்கானா' படத்தில் இடம்பெற்ற 'பொடுஸ்துன்ன பொத்து' என்னும் பாட்டு அந்தப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பல்கலைக்கழக வளாகங்களிலும் சாலை மறியல்களிலும் அது ஒலிக்காத நாள் இல்லை எனலாம்.

மாநிலக் கோரிக்கைக்காகப் பாடியவர் அவர் ஒருவரே அல்லர். 2002 முதல் ஊர் ஊராக நடந்த 'தூம் தாம்' கலை இரவுகளும், கூட அஞ்சய்யா, கோரட்டி வெங்கண்ணா, அந்தெஸ்ரீ, விமலக்கா போன்றோரின் பாட்டுகளும் அந்தக் கிளர்ச்சியைத் தாங்கின. அரசியல் தலைவர்கள் வருவதற்கு முன் கூட்டத்தைச் சேர்ப்பதும், அவர்கள் தாமதித்தால் கூட்டத்தைக் கலையாமல் காப்பதும் பாடகர்களின் பொறுப்பாக இருந்தது. 2014 ஜூன் 2-ஆம் தேதி மாநிலம் பிறந்ததும் புதிய அரசு 'தெலங்கானா சாம்ஸ்கிருதிக சாரதி' என்ற அமைப்பை உருவாக்கி, சுமார் 550 கலைஞர்களுக்குச் சம்பள வேலை கொடுத்தது. அரசின் திட்டங்களைப் பாடி விளம்பரப்படுத்துவது அவர்களது பணி. வறுமையில் வாடிய கலைஞனுக்கு மாதச் சம்பளம் கிடைத்ததைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆயினும் ஆட்சியைக் கேள்வி கேட்ட குரல்களில் ஒரு பகுதி அதே ஆட்சியின் ஊதியப் பட்டியலுக்குச் சென்றதும் உண்மை.

கத்தர் அந்தப் பட்டியலில் சேரவில்லை. அவர் வேறு வழியில் மாறினார். மாவோயிஸ்டு கட்சியிலிருந்து 2012-இல் விலகியதாக அவரது மறைவின்போது அக்கட்சியே அறிவித்தது. 2017-இல் கோயில்களுக்குச் சென்று வழிபட்டார். பழைய தோழர்கள் முகம் சுளித்தனர். 2018-இல் தில்லி வந்து சோனியா காந்தியையும் ராகுல் காந்தியையும் சந்தித்தார். வாழ்நாள் முழுவதும் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லிப் பாடியவர், அந்த ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களித்தார். மக்களிடம் செல்லும் வழி மாறியிருக்கிறதே தவிர மக்கள் மாறவில்லை என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். துப்பாக்கியைப் புகழ்ந்து பாடிய ஆண்டுகளுக்கு, அதனால் மடிந்த எளிய காவலர்களின் குடும்பங்களுக்கு அவர் வெளிப்படையாகக் கணக்குச் சொல்லவில்லை என்று எதிர்ப்பாளர்கள் கூறினர். அந்த ஒப்பாரிப் பாடல்களில் சீருடையணிந்து இறந்தவனின் தாய்க்கு இடம் போதிய அளவில் இல்லை என்ற குறையை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2023 ஜூலையில் கம்மம் நகரில் நடந்த காங்கிரஸ் பொதுக்கூட்டத்தில் ராகுலைக் கட்டித்தழுவியது, அவர் பெரிய மேடையில் தோன்றிய கடைசி நிகழ்ச்சிகளுள் ஒன்று. அடுத்த மாதமே மறைந்தார். அப்போது ஆட்சியில் இருந்த சந்திரசேகர் ராவ் அரசு, அவருக்கு அரசு மரியாதை அளிக்க முடிவு செய்தது. காவலர்களைக் கொன்ற இயக்கத்தோடு இருந்தவருக்குக் காவலர்களே மரியாதை செலுத்துவதா என்று பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பு ஒன்று ஆட்சேபம் தெரிவித்தது. இறுதி ஊர்வலத்தின் நெரிசலில், அவரது நெடுநாள் நண்பரும் 'சியாசத்' உருது நாளிதழின் நிர்வாக ஆசிரியருமான ஜஹீருத்தீன் அலி கான் மயங்கி விழுந்து உயிரிழந்தார்.

அதற்குப் பிந்தைய நிகழ்வுகள் வேகமாக நடந்தன. மகள் வெண்ணிலா 2023 இறுதியில் செகந்தராபாத் கண்டோன்மென்ட் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். 2024 நவம்பரில் அவர் சாம்ஸ்கிருதிக சாரதியின் தலைவராக்கப்பட்டார். தந்தை எந்த வேலையிலிருந்து தொடங்கிப் பின்னர் எதிர்த்திசையில் நடந்தாரோ, அந்த அரசு விளம்பரப் பாட்டுக் குழுக்கள் இப்போது மகளின் பொறுப்பில் வந்தன. 2024 ஜனவரி 31-ஆம் தேதி, பழைய நந்தி விருதுக்கு மாற்றாக இனி 'கத்தர் விருது' வழங்கப்படும் என்று ரேவந்த் ரெட்டி அறிவித்தார். நந்தி விருதை வேண்டாம் என்றவரின் பெயரிலேயே அதற்கு மாற்றான விருது. 2025 ஜூன் 14-ஆம் தேதி ஹைதராபாத் ஹைடெக்ஸ் அரங்கில் முதல் விழா நடந்தது. சிறந்த நடிகருக்கான விருதை 'புஷ்பா 2' படத்துக்காக அல்லு அர்ஜுன் பெற்றுக்கொண்டார்.

பத்ம விருது தொடர்பாக மாநில அரசும் மத்திய அரசும் எடுத்த நிலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், இரு தரப்புமே பாட்டைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது புலப்படும். ஒரு தரப்புக்கு அவர் மாநிலப் பெருமையின் சின்னம். மறு தரப்புக்கு அவர் ஒரு கோப்பில் உள்ள பெயர். ஊர்த் திருவிழாவில் தப்பு அடிப்பவரோ, பதுகம்மா சுற்றில் அமாவாசைக் குழந்தையின் பாட்டைப் பாடும் பெண்ணோ இந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பாட்டை யார் எழுதியது என்று அறியாமலே பாடுகிறவர்களும் அவர்களில் உண்டு.

ஏழைக் குழந்தைகளுக்காக அல்வாலில் கத்தர் தொடங்கிய மகாபோதி வித்யாலயா பள்ளியின் வளாகத்தில், பௌத்த முறைப்படி அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.